நான்கு மணி லாரி

சிகங்கெஸிலே நாடகம் எழுதுவது கட்டைவிரலால்.
காகிதத்தில் எழுதினால் அடுப்புக்குப் போய்விடும் என்பாள்.
என் கைப்பேசிப் பழுதுக்கடையை மூடியபின் ஒத்திகை,
மின்சாரம் இருந்தால் விளக்கடியில்,
இல்லையென்றால் குரல் பதிவில்.
புசானி ரொட்டி வரிசையில் நின்றபடி அழுது அனுப்புவான்.
மினிபஸ்ஸின் பின்னிருக்கையிலிருந்து
நொதாபோ அவனை மன்னித்து அனுப்புவாள்,
நடுவில் நடத்துனர் சில்லறை கேட்பதும் பதிவாகியிருக்கும்.
அதை மட்டும் இவள் வெட்டமாட்டாள்.

எனக்கு லாரி ஓட்டுநர் வேஷம்.
ஒரே ஒரு வசனம்,
அதுவும் இன்னும் எழுதியாகவில்லை.

தெருக் குழுவுக்கும் நான்தான் அட்மின்.
என்துபானேயில் ஐந்து தெரு, இருநூற்று நாற்பது பேர்.
ஆடு காணோம் என்பார்கள்.
ஆடு கிடைத்ததை ஒருவரும் சொன்னதில்லை.

அது அக்டோபர்.
புலவாயோ முழுக்க ஜக்கரந்தா ஊதாவாய்க் கொட்டிக் கிடந்தது.
குழாய்கள் பதினோரு நாளாய்
இருமிக்கொண்டு மட்டும் இருந்தன.

சனிக்கிழமை விடியலில்
மருத்துவமனைச் சலவையறையில் இரவு வேலை முடித்து,
கண் சொருக,
எங்களுக்கு அனுப்ப வேண்டியதைத்
தெருவுக்கு அனுப்பிவிட்டாள்:

இன்று நான்கு மணிக்குத் தண்ணீர் லாரி வரும்.
மைதானத்துக்கு வாருங்கள். எல்லாருக்கும் உண்டு.

பேசுபவர் பெயர் மேலே இல்லை.
பொய் சொல்கிறான் என்ற குறிப்பு கீழே இல்லை.
அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.
அது என் வசனம் என்று அறியாமல்
இரண்டு வாளியோடு முதல் ஆளாய்ப் போய் நின்றேன்.

பெயின்ட் டப்பா, குழந்தை குளிக்கும் தொட்டி,
தள்ளுவண்டியில் கவிழ்த்த பீப்பாய்.
நான்கானது. ஐந்தானது.
எழுந்து பார்த்தவளுக்கு
நூற்றுப்பதினாலு கைகூப்பல்கள்.
பதறி அழித்தாள்.
எங்கள் எல்லாருடைய உள்ளங்கையிலும்
ஒரே நேரத்தில் சாம்பல் நிறத்தில் அந்த வரி:
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

நகராட்சிதான் நீக்கிவிட்டது என்றார் ஒருவர்.
லாரியையே நீக்கிவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.

அவள் ஓடிவந்தாள், காலணி மாற்றிப் போட்டு.
அது நாடகம், என் பிழை, என்றாள்.
ஒரு தகரக் குவளை பறந்து வந்து தோளில் பட்டது.
பாதிப்பேர் வைதபடி போனார்கள்,
அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

மாங்வென்யா மட்டும்
தன் வாளியைத் தரையில் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்தாள்.
சரி, வந்தது வந்தாச்சு, போடு பார்ப்போம், என்றாள்.
ஒவ்வொன்றாக வாளிகள் கவிழ்ந்தன.
மைதானத்தில் அந்தச் சத்தம்
யாரோ கதவு கதவாய்த் தட்டிப் போவதுபோல.

முடிவில்லாத நாடகத்தைத் தொடங்கினோம்.
புசானி உண்மையிலேயே வரிசையில் நின்று அழுதான்.
நொதாபோ மன்னிக்க மறந்துவிட்டாள்,
பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்:
இத்தனை நாளாய் அவள் பஸ்ஸில் சொன்னதைக்
கேட்டுக் கேட்டு மனப்பாடம்.
ஒருத்தி கைப்பேசியை உயர்த்திப் பிடித்து
ஜோகன்னஸ்பர்க்கிலிருக்கும் மகனுக்குக் காட்டினாள்.
டேட்டா தீர்ந்தது.
வாய் பாதி திறந்தபடி
அவன் முகம் திரையில் உறைந்து நின்றது.
அவள் கையை இறக்கவில்லை.

என் முறை வந்தது.
அவர்கள் காலையிலேயே படித்துவிட்ட வசனம்.
எச்சில் விழுங்கிச் சொன்னேன்:
நான்கு மணிக்குத் தண்ணீர் லாரி வரும்.

யாரும் சிரிக்கவில்லை.
இருட்டிக்கொண்டு வந்தது.
கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து
தெருமுனையைப் பார்த்தான்,
பிறகு தன் வாளியை நிமிர்த்தி வைத்தான்.